கம்பியை வளைத்தது யார்?

எங்கள் லேத் கடை நுரைச்சோலையைத் தாண்டி, கற்பிட்டி வீதியோடு இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பிரஸ், எல்லாவற்றின் மேலும் கடற்காற்று கொண்டுவந்து பூசும் உப்பு. முதலாளிமார் இரண்டு பேர். நானும், நாங்கள் நானா என்கிற என் மனைவியின் அண்ணனும். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பிறகு நான் அவன் தங்கையைக் கட்டினேன். அதனால் அவன் எனக்கு மச்சான், தொழிலில் பங்காளி, என்னைப் பற்றி வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகும் ஆள், எல்லாம் ஒருவனே.

லேத்தில் நான். மில்லிங்கில் அவன். அவன் மெஷினை நான் தொடுவதில்லை, என் மெஷினில் அவன் கை வைப்பதில்லை. இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. ஒருவன் கையை மற்றவன் நம்பாததால் தானாக வந்த ஒழுங்கு.

சண்டையைக் கொண்டுவந்தவ ஐஸ் அக்கா. ஆலங்குடாப் பக்கத்தில் ஐஸ் அரைத்து விற்கிறவ. விடியற்காலையில் மீன்காரருக்கு ஐஸ், பகலில் பட்டம் பிடித்துக் கடலில் பறக்க வருகிற வெள்ளைக்காரரின் பியருக்கு ஐஸ். இரண்டுக்கும் ஒரே மெஷின்தான். அதற்குள் ஒரு இரும்புத் தண்டு சுழலும். தண்டின் நீளம் முழுக்கப் பல்லு வைத்த சக்கரங்கள் கோத்திருக்கும். மேலே ஐஸ் கட்டியைப் போட்டால் கீழே தூளாகக் கொட்டும். அந்தத் தண்டு முறிந்துபோய், இரண்டு துண்டையும் ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தா.

"தம்பிமாரே, இதே மாதிரி ஒண்டு அடிச்சுத் தாங்க. கெதியா வேணும். போட்டெல்லாம் கடலுக்குப் போற காலம். ஐஸ் இல்லண்டா மீன்காரன் என்னைத்தான் அரைப்பான்."

வேலை லேசானது. கொழும்பிலிருந்து பளபளவென்று வந்திருந்த கம்பி ஒன்று கடையில் நின்றது. அதுவரை நாங்கள் வாங்கியது கறுப்பாக, பொருக்கோடு வரும் கம்பி. அதன் தோலைச் சீவி எடுப்பதற்குள் முதுகு போய்விடும். இந்தப் புதுக் கம்பியோ வரும்போதே கண்ணாடி மாதிரி. கொஞ்சம் கடைந்தால் போதும். நான் லேத்தில் ஏற்றிக் கடைந்தேன். டயல் கேஜ் என்கிற முள் மானியை வைத்து, மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன். முள் அசையவில்லை. நூல் பிடித்தது போல நேர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் தொழிலில் கைதட்ட ஆள் கிடையாது. நாங்களே எங்களை மெச்சிக்கொண்டால்தான் உண்டு.

அடுத்தது மச்சானின் வேலை. சக்கரங்கள் வழுக்காமல் தண்டோடு சேர்ந்து சுழல, தண்டின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு காடி வெட்ட வேண்டும். அதை நாங்கள் கீவே என்போம். அவன் தண்டை வைஸ் என்கிற இடுக்கியில் இறுக்கி, காடியை வெட்டி முடித்து, தரையில் வைத்தான். அது உருண்டது. நேரான தண்டு உருண்டால் சத்தம் ஒரே சீராக வரும். இது லொடக் லொடக் என்று உருண்டது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

"என்னடா செஞ்ச?" என்றேன்.

"நானா? நீ வளச்சுத் தந்ததுல நான் கீவே வெட்டினன்."

"டயல் வச்சுப் பாத்துத்தான் தந்தன்."

"உன்ட டயலுக்குக் கண் தெரியல்ல போல."

"நீதான் வைஸ்ல போட்டு மாட்டை நெரிக்கிற மாதிரி நெரிச்சீக்கிற."

இப்படித்தான் தொடங்கியது. பிறகு தண்டை விட்டுவிட்டு நாங்கள் பழைய கதைகளுக்குப் போனோம். என் கலியாணத்தில் அவன் வெயிட்டர் வேலை பார்த்தது வரை வந்தது. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தண்டைப் பிரஸ்ஸில் போட்டு அமத்தி நிமிர்த்தினோம். நேராக வந்தது. அக்கா வந்து எடுத்துக்கொண்டு போனா.

கொஞ்ச நாள்தான். ஒரு காலை நேரம் திரிவீல் ஒன்று கடை முன்னால் வந்து பிறேக் அடித்தது. உள்ளே ஐஸ் அக்கா. மடியில் குழந்தையை வைத்திருப்பது போலத் தண்டு.

"இது என்ன சாமான் தம்பி? மெஷினைப் போட்டதும் பைலா ஆடுது! நான் பொய் சொல்லல்ல. சுவர்ப் பக்கம் நிண்ட மெஷின் ஆடி ஆடி வாசலுக்கு வந்துட்டுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரோட்டால கற்பிட்டிக்குப் போயிருக்கும்."

தண்டைச் சுழற்றிப் பார்த்தோம். நாங்கள் நிமிர்த்திய வளைவு, எங்கேயும் போகாத மாதிரி, அதே இடத்தில் அதே பக்கம் திரும்பி வந்திருந்தது.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "இது செய்வினை. பக்கத்துல புதுசா ஐஸ் போட்டிருக்கிறவன்ட வேலை." திரிவீலுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்து, கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தண்டின் மேல் தெளித்தா. நாங்கள் மறுக்கவில்லை. வாடிக்கையாளர் சொன்னால் கேட்க வேண்டும். இந்தச் செய்தி மச்சான் வழியாக வீட்டுக்குப் போனது. என் மாமி, அதாவது அவன் உம்மா, அடுத்த நாள் ஓதின தண்ணியோடு வந்துவிட்டா. "அவ தெளிச்சா நாங்க தெளிக்காம ஈக்கலாமா?" அதுவும் தெளிக்கப்பட்டது. இரண்டு தண்ணீரும் பட்டதில் தண்டு அழகாகத் துருப்பிடித்தது. வளைவு அப்படியே இருந்தது.

மெஷினை இழுத்துப் பிடிக்க, எங்கோ கிடந்த ஒரு பழைய மெல்லிய தண்டைச் சக்கரங்களோடு வெல்டிங் அடித்துப் போட்டுக் கொடுத்தேன். அது தாங்காது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதுத் தண்டு வேண்டும். அதைச் செய்யும் இரண்டு பேர் கதைப்பதில்லை.

உண்மையாகவே கதைப்பதில்லை. முதலில் கோபம். பிறகு கோபத்தை எப்படி முடிப்பது என்று தெரியாத வெட்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட வருகிற ஆள் வரவில்லை. மனைவி அவனுக்கென்று எடுத்து வைத்த சோற்றை மூடியபடியே திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோனா. கொண்டுபோகும்போது என்னைப் பார்த்த பார்வையில், தண்டை வளைத்தது யார் என்பதில் அவவுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. நான்தான்.

அந்தக் கிழமை மதுரங்குளியில் ஒரு கலியாணம். சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட வேண்டும். இடம் காட்டியவன் எங்கள் சண்டை தெரியாதவன். மச்சானையும் என்னையும் நேருக்கு நேர் இருத்திவிட்டான். ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு கதைக்காமல் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. நடுவில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை அவன் வழக்கமாக என் பக்கம் தள்ளிவிடுவான். அன்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றான். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட, வீடு வரும் வழியில் இதைச் சொல்லிச் சிரிக்க அவனைத் தவிர வேறு ஆள் இல்லையே என்பதுதான் கூட எரிந்தது.

முடிவு கட்டியவ என் மனைவி. அடுத்த நாள் காலையில் கடைக்கு வந்து, மேசையடியில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு நடுவில் இருந்தா.

"இப்ப புதுக் கம்பி ஒண்டு எடுங்க. நானா, நீ லேத்துல கடை. இவர் கீவே வெட்டட்டும். மாத்திச் செஞ்சு பாப்பம். யார் வளைக்கிறதுண்டு நான் பாக்கிறன்."

"அவனுக்கு லேத் தெரியாது," என்றேன்.

"இவனுக்கு மில்லிங் தெரியாது," என்றான் அவன்.

"ரெண்டு பேருக்கும் ரெண்டும் தெரியாதுண்டு ஊருக்குத் தெரியும். வேலையப் பாருங்க."

மச்சான் கடைந்தான். நேராகத்தான் வந்தது. டயல் முள்ளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் அதை மில்லிங்கில் ஏற்றினேன். வைஸை ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்தேன். மெல்ல மெல்ல வெட்டினேன். வெட்டி முடித்து வைஸைத் தளர்த்திய அந்த நிமிசம், தண்டு என் கண் முன்னால் முதுகை உயர்த்தியது. யாரும் தொடவில்லை. தானாக. காடி வெட்டிய பக்கம் வெளியே புடைத்தது.

மனைவி எழுந்து வந்து பார்த்தா. முதலில் என்னை, பிறகு அவனை.

"அப்ப ரெண்டு பேரும் மோடனுகள்தான்," என்று சொல்லிவிட்டு, கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனா.

அவ போனபிறகு மச்சான்தான் முதலில் வாய் திறந்தான். "மச்சான், நீ நெரிக்கல்ல. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

"நீயும் நேராத்தான் கடைஞ்ச."

இவ்வளவுதான் எங்கள் சமாதானம். உடனே எங்களுக்குப் படிப்பித்த சேருக்குப் போன் எடுத்தோம். சத்தத்தைக் கூட்டி லேத்தின் மேல் வைத்தோம். கதையை நான் சொல்ல, குறுக்கே மச்சான் திருத்த, சேர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நீண்ட நேரம் சிரித்தார்.

"தம்பிமார், அந்தப் பளபளக் கம்பி எப்படி வருது தெரியுமா? சூடாக்காமலே ஒரு ஓட்டைக்குள்ளால இழுத்து எடுக்கிறாங்க. இழுக்கேக்க வெளித்தோல் ஒரு மாதிரி இழுபடுது, உள் சதை வேற மாதிரி இழுபடுது. முடிஞ்சாப் பிறகு தோல் சுருங்கப் பாக்கும், உள்ள இருக்கிறது விடாது. சுத்திவர எல்லாப் பக்கமும் ஒரே அளவா இழுக்கிறதால கம்பி நேரா நிக்குது. நீங்க ஒரு பக்கத்துத் தோலை மட்டும் வெட்டி எடுத்தா?"

"மத்தப் பக்கம் இழுக்கும்," என்றான் மச்சான்.

"அதான். இதுக்குப் பேர் எஞ்சிய தகைப்பு."

"சேர், இதை எங்களுக்குப் படிப்பிச்சீங்களா?"

"பாடத்திட்டத்துல இருந்தது. நேரம் காணாமப் போச்சு."

பிறகு ஒரு வேலை சொன்னார். மீந்த கம்பியில் ஒரு துண்டை எடுத்து, நுனியிலிருந்து நீளவாட்டில் வாளால் அறுத்துப் பாருங்கள் என்றார். அறுத்தோம். வாள் உள்ளே போகப் போக, வெட்டுவாய் தானாக விரிந்தது. இரண்டு பாதியும் ஒன்றையொன்று பிடிக்காதது போல வெளியே விலகிக்கொண்டு நின்றன. பழைய கறுப்புக் கம்பியில் ஒரு துண்டு கிடந்தது. அதையும் அறுத்தோம். வெட்டு அப்படியே இருந்தது. மச்சான் அந்த விரிந்த துண்டைக் கையில் எடுத்து, அதன் வாயைப் பார்த்து, "சண்டாளா, நீயாடா?" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். சேர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். "எல்லாம் கம்பி கொண்டு வந்ததில்ல. கொஞ்சம் நீங்களும் குடுத்திருப்பீங்க. மொட்டை டூல் வச்சு, தண்ணி ஊத்தாம, அவசரத்துல உரசினாலும் மேல்தோல்ல தகைப்பு ஏறும்."

மச்சான் என் லேத்தில் இருந்த டூலைப் பார்த்தான். நான் அவன் கட்டரைப் பார்த்தேன்.

"சேர், அதுல யார்ட பங்கு கூட?"

சேர் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் இதை விளக்குவது அதைவிடக் கஷ்டம். இரும்புக்குள் ஒரு இழுவை நிற்கிறது, வெளியில் தெரியாது, ஒரு பக்கம் வெட்டினால் வெளியே வரும் என்று மாமிக்குச் சொன்னேன். மாமி கவலைப்பட்டா. "இரும்புக்கும் பிரஷரா? அல்லாவே, உப்பைக் குறைக்கச் சொல்லுங்க." மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "மனிசரும் இப்படித்தானே" என்று தொடங்கினா. நான் உடனே மறித்தேன். மனிதரை ஓட்டைக்குள்ளால் இழுத்து எடுப்பதில்லை. கம்பியைப் பற்றிய கதை கம்பியோடு நிற்கட்டும் என்றேன். அவவுக்குக் கோபம். நல்ல ஒரு வசனம் வந்திருக்கும்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு தண்டு செய்ய வேண்டி இருந்தது.

செய்கிற வழியையும் சேர் சொல்லியிருந்தார். அளவுக்குக் கொஞ்சம் தடிப்பாகவே கடைந்து, காடியையும் முழுதாக வெட்டாமல் விட்டு, தண்டை நன்றாகச் சூடாக்கி, ஆற அமர ஆறவிட வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் இழுவை தளர்ந்துவிடும். வளைவதெல்லாம் அப்போதே வளைந்துவிடும். பிறகு மீதியைச் சீவி நேராக்கினால் அது நேராகவே நிற்கும். அதற்கென்று பெரிய பட்டறைகளில் மின்சார உலை உண்டு. எங்களிடம் தேத்தண்ணி வைக்கும் கேஸ் அடுப்பு உண்டு.

"பேக்கரிப் போறணை," என்றான் மச்சான்.

பேக்கரிக்காரன் அவனுடைய கூட்டாளி. பாண் சுட்டு முடித்த போறணைக்குள், தணல் இருக்கும்போதே தண்டை வைக்கச் சம்மதித்தான். சாப்பாட்டுச் சாமான் வேகிற இடம் என்று நான் பொறுப்பாக யோசித்து, தண்டில் இருந்த எண்ணெயெல்லாம் போக மண்ணெண்ணெயால் நன்றாகத் துடைத்தேன். அங்கேதான் பிழைத்தது. மறுநாள் அந்தப் பேக்கரிப் பாண் வாங்கிய வீடுகளிலெல்லாம் பாணில் விளக்கு மணம் அடித்தது. எங்கள் வீட்டிலும் அதே பாண்தான். மாமி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, நெருப்புப் பெட்டியைத் தூர எடுத்து வைத்தா. பேக்கரிக்காரன் மச்சானோடு கதைப்பதை நிறுத்தினான். தண்டும் திருந்தவில்லை. காடியைக் கொஞ்சம் ஆழப்படுத்தியதும் மறுபடி முதுகை உயர்த்தியது. முன்னையைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் உயர்த்தியது. பாணுக்குப் போதும் சூடு இரும்புக்குப் போதவில்லை.

வழியைக் காட்டியது ஐஸ் அக்காதான். தண்டு எப்போது வரும் என்று ஏசுவதற்காக வந்தவ, நாங்கள் சூடு தேடி அலைவதைக் கேட்டுவிட்டுச் சொன்னா: "என்ட புருசன்ட அண்ணன் சிரட்டைக் கரி சுடுறான். அந்தக் குழிக்குள்ள விழுந்தா ஆளே கரியாயிடும். இரும்புக்குக் காணாதா?"

மதுரங்குளிக்கு உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில், செங்கல் கட்டிய ஆழமான குழி. அதற்குள் தேங்காய்ச் சிரட்டையைக் கொட்டி எரித்து, மேலே தகரம் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். கரிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மீன், கோழி, மரவள்ளி எல்லாம் அந்தக் குழியில் ஆட்கள் சுட்டதுண்டாம். இரும்பு சுட வந்தவர்கள் நாங்கள்தான் முதல்.

தண்டை ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் நிமிர்த்தி நிறுத்தி, சுற்றிவரக் கரித்தூள் நிரப்பி, குழாயோடு குழிக்குள் இறக்கினோம். படுக்க வைத்தால் சூட்டில் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். சூடு எவ்வளவு என்று அறிய ஒரு அலுமினியக் கம்பியைக் குழாய் வாயில் கட்டித் தொங்கவிட்டோம். அது தொய்ந்தால் சரி, உருகி ஒழுகினால் சூடு மிஞ்சிப்போனது. சிரட்டை எரியத் தொடங்கியதும் எழுந்த புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மச்சான் இருமிக்கொண்டே நீண்ட கம்பியால் கிளறி, கிளறி, அலுமினியத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "தொய்யுது, தொய்யுது! மூடுங்க!" என்று அவன் கத்திய கத்தலில் கரிக்காரரின் நாய் தோப்பைத் தாண்டி ஓடிவிட்டது. தகரத்தைப் போட்டு மண்ணை வாரி இறைத்து மூடினோம். வெள்ளைச் சேர்ட்டோடு வந்தவன் நான். திரும்பும்போது மனைவி வாசலில் வைத்தே என் மேல் தண்ணீர் வாளியை ஊற்றினா.

குழி ஆற இரண்டு நாள். எடுத்துப் பார்த்தபோது தண்டு கறுத்து, கொஞ்சம் வளைந்து கிடந்தது. இதுவும் போச்சு என்று நினைத்தேன். பிறகு சேர் சொன்னது நினைவுக்கு வந்தது: வளைய வேண்டியது இங்கே வளைந்து முடியும். லேத்தில் ஏற்றி, டூலைப் புதிதாகத் தீட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, மெல்லிசாகச் சீவி நேராக்கினேன். மச்சானும் புதுக் கட்டர் போட்டான். அவன் கீவேயை முடிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். குறை சொல்ல இல்லை. எனக்கு அந்த நேரம் வேறெங்கும் நிற்க முடியவில்லை.

வைஸைத் தளர்த்தினான். தண்டு அசையவில்லை. தரையில் வைத்து உருட்டினான். ஒரே சத்தம், சீராக, சுவர் வரை போய் முட்டி நின்றது. இரண்டு பேரும் அதைத் திரும்ப எடுத்து உருட்டினோம். பிறகு இன்னொரு தரம். வீதியால் போனவர்கள் இரண்டு வளர்ந்த ஆட்கள் கம்பி உருட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பரவாயில்லை.

ஆலங்குடாவுக்கு நாங்களே கொண்டுபோய்ப் பூட்டினோம். சுவிட்சைப் போட்டதும் மெஷின் நின்ற இடத்திலேயே நின்று ஐஸை அரைத்தது. அக்கா தண்ணீர் நிரம்பிய ஒரு கிளாஸை அதன் மேல் வைத்துப் பார்த்தா. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எங்களைப் பாராட்டுவா என்று நின்றோம்.

"இவ்வளவு லேசான வேலைக்கா இவ்வளவு நாள் எடுத்தீங்க?" என்றா. பிறகு ஐஸ் போட்ட நெக்டோ சோடா ஆளுக்கொரு கிளாஸ் தந்தா.

அந்த வெள்ளிக்கிழமை மச்சான் சாப்பிட வந்தான். கரிக்குழிக் கதையை நடித்துக் காட்டினான். நாய் ஓடியதையும் காட்டினான். எல்லாவற்றையும் கேட்டு முடித்த மனைவி, சோறு போட்டபடியே ஒன்று கேட்டா.

"பழைய கறுப்புக் கம்பி வளையல்லத்தானே? அதையே வாங்கினா என்ன?"

மச்சான் அவசரமாகச் சோற்றைப் பிசைந்தான்.

"அது வேலை கூட," என்றேன். "தோலைச் சீவி எடுக்கோணும்."

"ஓஹோ. போறணையும் கரிக்குழியும் வேலை இல்லையாக்கும்."

அதற்குப் பிறகு தண்டு வேலைக்குக் கறுப்புக் கம்பிதான் வாங்குகிறோம். முதுகு நோகிறது, ஆனால் யாரோடும் கோபம் இல்லை. பளபளக் கம்பிதான் வேண்டுமென்று யாராவது பிடிவாதம் பிடித்தால் மட்டும் கரிக்காரரிடம் போவோம். அவரும் இப்போது எங்களைக் கண்டதும் நாயைக் கட்டிவிடுகிறார்.

ஒரே ஒரு தொல்லை. மச்சானுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போய்விட்டது. போன மாதம் ஒரு வீட்டுக்கு கேட் வெல்டிங் அடித்துக் கொடுத்தான். பூட்டினால் இரண்டு கதவும் சேரவில்லை, நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி நுழையும் இடைவெளி. வீட்டுக்காரர் கேட்டார். மச்சான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஹாஜியார், இது எஞ்சிய தகைப்பு. வெளியில தெரியாது. உள்ளுக்குள்ள நிக்கும்" என்றான். ஹாஜியார் பயபக்தியோடு தலையாட்டினார். வெல்டிங் சூட்டில் அப்படி வரும்தான், பொய் என்று சொல்ல முடியாது. நான் அளவு நாடாவை எடுத்துத் தூணுக்குத் தூண் பிடித்துப் பார்த்தேன். அவன் அளந்ததே பிழை.